காற்றுப் பார்க்காமல் தைத்த வள்ளம்

1. பல்லை இறக்கிய நாள்

மன்னார் பஜாரில் யூசுப் நானாவின் தையல் கடையில் நான் ஏழு வருடம் சட்டைகளுக்குத் தெறி என்கிற பொத்தான் தைத்தேன், விளிம்பு மடித்தேன். எட்டாவது வருடம் நானா கொழும்பிலிருந்து ஒரு பழைய மெஷினைக் கொண்டுவந்து சுவரோரம் வைத்தார். "இதுல படம் தைக்கலாமாம். ஆர் பழகுறீங்களோ அவங்களுக்குத்தான் இந்தக் கதிரை" என்றார். கடையில் நாங்கள் மூன்று பெண்கள். மற்ற இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் போய் உட்கார்ந்தேன்.

சாதாரணத் தையலில் துணியை மேலிருந்து அமுக்குவது பாதம், கீழிருந்து நகர்த்துவது பல். படம் தைக்கப் பாதத்தைக் கழற்றிவிட்டு, பல்லைக் கீழே இறக்க வேண்டும். பிறகு துணியை நகர்த்த மெஷினால் முடியாது. துணியை வளையத்தில் இறுக்கி, இரண்டு கையாலும் பிடித்து நீங்கள்தான் நகர்த்த வேண்டும். ஊசி நின்ற இடத்திலேயே குத்திக்கொண்டிருக்கும். பென்சிலை அசையாமல் பிடித்துக்கொண்டு கடதாசியை அசைத்து எழுதுகிற மாதிரி வேலை.

முதல் நாள் நாலு ஊசி உடைந்தது. கை முந்தி, மெஷினை மிதிக்கிற கால் பிந்தினால் ஊசி வளைந்து உடையும். கால் முந்தி, கை பிந்தினால் ஒரே இடத்தில் நூல் குவிந்து முடிச்சாகும். இதைச் சொல்லித்தர யாரும் இல்லை. மெஷினோடு வந்த புத்தகம் ஜெர்மன் மொழியில் இருந்தது, படங்களை மட்டும் பார்த்தேன். நானா ஒரு முறை எட்டிப்பார்த்து, "தங்கச்சி, அந்த ஊசியோட உங்களுக்கு என்ன கோவம்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மூன்று மாதத்தில் ரோசாப்பூ வந்தது. பிறகு மயில். மயிலின் கழுத்தில் பச்சை நூல் முடிந்து நீலம் தொடங்குகிற இடம் கண்ணுக்குத் தெரியாமல் அமைந்த அன்று எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

2. நீலச் சற்றின்

அந்த நேரத்தில்தான் சம்மாட்டியார் வந்தார். பக்கத்துக் கரையில் நாலு வள்ளம் வைத்திருந்தவர். அந்தக் கரையின் கிறிஸ்தவக் கோயில் திருவிழாவுக்கும் அவர்தான் பொறுப்பு. கொடியேற்றத்துக்குப் புதுக் கொடி வேண்டும், பளபளக்கும் நீலச் சற்றின் துணியில் பாய் விரித்த வள்ளம் வேண்டும் என்றார். அவர் போனபிறகு நானா என்னிடம் சொன்னார்: "சரிவந்தா படவேலை எல்லாம் உங்களுக்கு. சரிவராட்டி யாழ்ப்பாணத்துல இருந்து ஒராளக் கூப்பிடுவன். நீங்க திரும்பத் தெறிக்குப் போங்க."

எனக்கு அந்தக் கதிரை வேண்டும். ஏழு வருடம் தெறி தைத்தவளுக்குத்தான் அது விளங்கும்.

ஒரு கலண்டர் படத்தைப் பார்த்து வள்ளத்தை வரைந்தேன். பாய் வலப்பக்கமாகப் புடைத்திருந்தது. தைத்து முடிக்க மூன்று கிழமை சென்றது. பாயின் மடிப்புகளுக்கு மட்டும் மூன்று வித வெள்ளை நூல். முடித்துத் தள்ளி நின்று பார்த்தால் வலப்பக்கம் நிறைந்திருந்தது, இடப்பக்கம் மேலே வெறிச்சென்று கிடந்தது. எங்கள் கரை மீனவர்கள் காற்றுப் பார்ப்பதற்காகப் பாய்மர உச்சியில் கட்டுகிற சிவப்புத் துணி நினைவுக்கு வந்தது. அதை இடப்பக்கம் பறக்கவிட்டுத் தைத்தேன். படம் இரண்டு பக்கமும் சமமாகிவிட்டது. நானா இரண்டு முறை தடவிப் பார்த்து, "யாழ்ப்பாணத்தான் தேவையில்ல" என்றார்.

கொடியேற்றத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது சம்மாட்டியார் வந்தார். கொடியை வெட்டு மேசையில் விரித்தோம். அவர் குனிந்து பார்த்தார்.

"பிள்ளை, இது சோளகமோ, வாடையோ?"

சோளகம் தென்மேற்குக் காற்று, வாடை வடகிழக்குக் காற்று. அதை ஏன் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

"காத்து எங்கால அடிக்குது எண்டு கேக்கிறன். பாய் இஞ்சால ஊதிக்கொண்டு நிக்குது, துணி அங்கால பறக்குது. ஒரு வள்ளத்துக்கு ரெண்டு காத்தோ?"

நானா சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். "படம்தானே சம்மாட்டியார், இதெல்லாம் ஆர் பாக்கப் போறாங்க?"

"எங்கட சனம் முழுக்கப் பாக்கும். கொடி ஏறேக்க செபம் சொல்லமாட்டினம், இதைப் பாத்துச் சிரிப்பினம். நாங்கள் பழைய கொடியையே ஏத்திறம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ ஆரின்ர மகள்?"

நான் வாய் திறக்கவில்லை. என் அப்பா மரியாம்பிள்ளை பாய் வள்ளம் ஓட்டுவதில் அந்தக் கரை வரைக்கும் பெயர் எடுத்தவர். நான் அவர் பெயரைச் சொன்னால் அவரையும் சேர்த்துச் சிரிப்பார்கள்.

"ரெண்டு நாள் தாங்கோ" என்று மட்டும் சொன்னேன்.

"நாளையிண்டைக்குப் பின்னேரம் வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நானா தன் மேசைக்குத் திரும்பினார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

3. துளைகள்

சிவப்புத் துணியைப் பிரித்தேன். பின்பக்கத்து நூலைப் பிளேட்டால் வெட்டி, முன்பக்கத்து நூலை மெல்ல இழுக்க வேண்டும். நூல் வந்துவிட்டது. ஆனால் சற்றினில் ஊசி குத்திய துளை பருத்தித் துணியில் போல மூடாது. நீல வானத்தில் ஒரு கை அகலத்துக்கு அம்மைத் தழும்பு மாதிரித் துளைகள். அதே நீலம் மன்னாரில் வேறு எந்தக் கடையிலும் இல்லை. சிவப்புத் துணியை வலப்பக்கம் பறக்கவிட்டு மறுபடி தைத்தேன். துளைகள் அப்படியே இருந்தன. முகில் வைத்து மூடலாம் என்றார் நானா. பாயும் வெள்ளை, முகிலும் வெள்ளை என்றால் பாய் எடுபடாது.

பின்னேரம் வீட்டுக்கு நடந்தேன். வழியில் கருவாடு காயவைக்கிற இடத்தில் பெண்கள் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்கள். மேலே வெள்ளையும் சாம்பலுமான கடற்காகங்கள். அன்று நல்ல சோளகம். ஒவ்வொரு காகமும் சிறகை விரித்தபடி ஒரே இடத்தில் நின்றது. எல்லாம் காற்று வரும் பக்கம் பார்த்தே நின்றன. பிறந்த நாளிலிருந்து அந்த வழியால் நடக்கிறேன், அன்றைக்குத்தான் அதைக் கவனித்தேன்.

மறுநாள் காலையில் துளைகளின் மேல் ஒரு கடற்காகம் தைக்கத் தொடங்கினேன். பாய் வலப்பக்கம் புடைத்திருந்தால் காற்று இடப்பக்கமிருந்து வருகிறது. ஆகவே அலகு இடப்பக்கம். முதுகுக்குச் சாம்பல் நூல். இறகு கிடக்கிற போக்கிலேயே தையலும் போக வேண்டும், குறுக்கே போனால் காகம் கோழியாகிவிடும். அன்று ஒரு ஊசியும் உடையவில்லை.

சம்மாட்டியார் சொன்னபடி வந்தார். பாயைப் பார்த்தார், சிவப்புத் துணியைப் பார்த்தார். பிறகு காகத்தின் மேல் விரலை வைத்தார்.

"இதை ஆர் வைக்கச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்ல. துளையை மறைக்கத்தான் வச்சனான்."

"மறைச்சது கிடக்கட்டும். முகத்தைக் காத்துக்குக் குடுத்தெல்லோ வச்சிருக்கிறாய்." கொடியை மடித்தார். "சோளகம்தான். கொண்டுபோறன்."

அதன் பிறகு இருபத்தாறு வருடம் அந்தக் கதிரையில் இருந்தேன். இப்போது படம் தைக்கப் பழகுகிற பிள்ளைகள் என்னிடம் நூலின் இறுக்கத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அது கைப்பழக்கம், வந்துவிடும். நான் சொல்வது வேறு. படத்தை வரைந்து முடித்ததும், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கடதாசியின் மூலையில் ஒரு அம்புக்குறி போடுங்கள். பிறகு மெஷினில் உட்காருங்கள். இந்தப் பழக்கம் நானாவுக்கும் தொற்றிக்கொண்டது. கலியாணச் சட்டைக்குப் பூ வைக்க வந்தவர்களிடமும் "காத்து எந்தப் பக்கம்?" என்று கேட்டு அவர்களை முழிக்க வைத்தார்.

அன்று சம்மாட்டியார் கொடியோடு படி இறங்கும்போது நான் கதிரையை விட்டு எழும்பினேன். தெருவுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்:

"ஐயா, நான் மரியாம்பிள்ளையின்ர மகள்."