சரோஜாவின் பெஞ்சு

காவாந்தண்டலம் பேருந்து நிறுத்தத்தில் வேப்பமரத்தடியில் ஒரு சிமென்ட் பெஞ்சு காலியாக இருக்கிறது. நாலு பெண்கள் வெயிலில் நிற்கிறார்கள். பெஞ்சின் முதுகில் 'சரோஜா' என்று எழுதி, யாரோ மஞ்சள் குங்குமம் வைத்திருக்கிறார்கள். நான் உட்காரப் போகிறேன்.

"வேணாம்மா, சமாதி அது," என்கிறாள் ஒருத்தி.

பக்கத்தில் சைக்கிளோடு நிற்கும் பெரியவர் தலையில் அடித்துக்கொள்கிறார். பெஞ்சைக் கட்டியவர் அவர்தான். இங்கிலாந்தில் ஒரு கிராமத்தில், மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்து வந்தவராம்.

"அங்க செத்தவங்க பேர எழுதி பெஞ்சு போட்டுக்கிறாங்கம்மா. 'இவருக்கு இந்த எடம் புடிக்கும்'னு எழுதிக்கீது. பேத்தி படிச்சி சொல்லும். பால்காரரு, டீச்சரு, சர்ச்சுல மணி அடிச்சவரு, அல்லாரையும் அப்டித்தான் தெரிஞ்சிக்கினேன். எங்க வூட்டம்மா இந்த மரத்தாண்ட நின்னுக்கினேதான் பஸ்ஸு புடிக்கும். கால் வலிக்குதும்பா. அதான் கட்னேன். இன்னி வரிக்கும் ஒருத்தரும் உக்காரல."

நான் செருப்போடு போய் உட்காருகிறேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். நகர்ந்து அவருக்கும் இடம் விடுகிறேன். அவர் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு வருகிறார். பெஞ்சருகே நின்று, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உட்காருகிறார்.