காப்புக் கட்டிய சென்டர் ஃபார்வர்ட்

பெண்ணெடுத்த தோட்டத்தோடு பந்து விளையாடித் தோற்கவே கூடாது. நான் வருஷா வருஷம் தோற்றவன். எங்கள் தேயிலைத் தோட்டத்து டீமுக்கு நான் கேப்டன். ஓடைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்து டீமுக்கு என் மனைவியின் அண்ணன் கேப்டன். தீபாவளிக்கு மாமனார் குடியிருக்கிற லயத்து வரிசை வீட்டுக்குப் போனால், இலையில் கறி விழுவதற்குள் மச்சான் ஆரம்பித்துவிடுவான்.

“பொண்ணையும் எடுத்துட்டீங்க, கோலையும் வாங்கிட்டீங்க. இன்னும் என்னா மாப்ள வேணும்?”

லயமே சிரிக்கும். மாமனார் மட்டும் துண்டால் வாயைத் துடைக்கிற சாக்கில் சிரிப்பார். அதைப் பார்த்துதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரே ஒரு தீபாவளிக்காவது அந்த வாசலில் நிமிர்ந்து போய் உட்கார வேண்டும் என்பதுதான் அப்போது என் வாழ்க்கையின் ஒரே ஆசை. சத்தியமாகச் சொல்கிறேன், சம்பள உயர்வு கூட எனக்கு இரண்டாம் பட்சம்.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு வருஷம் அந்த ஆசை கைக்கு எட்டுகிற தூரத்துக்கு வந்தது. எங்கள் தோட்டத்து மேனேஜர் தொரை பந்துப் பைத்தியம். டயகமப் பக்கத்தில் ஒரு நெட்டையர் பந்தைக் காலில் ஒட்டவைத்துக்கொண்டு ஓடுகிறார் என்று கேள்விப்பட்டு, தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை கொடுத்துக் குடும்பத்தோடு கூட்டி வந்துவிட்டார். பந்துக்காகவே தோட்டத்தில் பேர் பதிந்த ஆள். அவருக்கு ஜோடியாக எங்கள் தோட்டத்திலேயே ஒரு குட்டையன் இருந்தான். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவன், மலையில் ஆடு மாதிரி ஏறுவான். குட்டையன் தள்ளுவான், சென்டர் ஃபார்வர்டாக நின்று நெட்டையர் அடிப்பார். லிந்துலைச் சுற்று வட்டாரத்துக் கப்புப் போட்டியில் வந்த டீமையெல்லாம் உதைத்து அனுப்பினோம். மீதி ஒன்பது பேருக்கும் வேலை ஒன்றுதான்: பந்து கிடைத்தால் அந்த இரண்டு பேரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பது.

அந்த நேரம் பார்த்து மாசி பிறந்தது. எங்கள் ஆட்களுக்கு மாசி என்றால் காமன் கூத்து. மன்மதனாகவும் ரதியாகவும் இரண்டு ஆண்கள் வேஷம் கட்டி, காமனை எரிக்கும் நாள் வரை லயம் லயமாக ஆட வேண்டும். கூத்து வாத்தியார் எங்கள் ஆட்டத்தை வேலியோரம் நின்று பார்த்திருக்கிறார். கோலைப் பார்க்கவில்லை, கால்களைப் பார்த்திருக்கிறார்.

“இவன் காலுக்கு அவன் காலு எவ்வளவு பொருத்தமா விழுது! நெட்டையர் மன்மதன், குட்டையன் ரதி. முடிஞ்சிருச்சு” என்றார்.

இரண்டு பேருக்கும் கையில் மஞ்சள் காப்புக் கட்டியாகிவிட்டது. காப்புக் கட்டியவன் காமன் எரிகிற வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. மிச்ச ஆட்டங்கள் எல்லாம் வெளித் தோட்டத்தில். நான் வாத்தியார் வீட்டு வாசலில் போய்க் கத்தினேன்.

“வேற ஆளே கெடைக்கலியா ஒங்களுக்கு? என் டீமுல தானா கை வைக்கணும்?”

“கத்தாதப்பா. அவருகிட்டயே கேளு.”

நெட்டையர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். “கேப்டன், எங்களுக்குப் பிள்ள இல்லன்னு ஒங்களுக்குத் தெரியும். காமனுக்கு நேந்துக்கிட்டேன். இந்த ஒரு வாட்டி விட்டுருங்க.”

நான் வந்த வழியே திரும்பினேன். தொரையும் பங்களா வாசலில் குதித்துப் பார்த்தார். காமன் விஷயத்தில் அவர் பேச்சு எடுபடவில்லை.

அவர்கள் இல்லாமல் ஆடிய முதல் ஆட்டம் வெட்கக்கேடு. பழக்கதோஷத்தில் எல்லாரும் குட்டையன் நிற்கிற இடத்துக்கே பந்தை அனுப்பினோம். அங்கே குட்டையன் இல்லை. பந்து தன்பாட்டுக்கு உருண்டு வெளியே போனது. நானே அப்படி அனுப்பிவிட்டு, “ஓடுடா!” என்று வெறும் புல்லைப் பார்த்துக் கத்தினேன். எங்கள் கோலி புண்ணியத்தில் யாரும் கோல் போடவில்லை. காசு சுண்டிப் போட்டதில் ஜெயித்துக் கடைசி ஆட்டத்துக்கு வந்தோம். கடைசி ஆட்டம் யாரோடு என்று சொல்ல வேண்டுமா?

மச்சானிடம் போய், எங்கள் மைதானத்தில் ஆடலாமா என்று கேட்டேன்.

“எங்க மைதானம்னு எப்பவோ முடிவாயிருச்சு மாப்ள. ஒங்க மன்மதன அங்கயே ஆட விடுங்க, பாக்க நல்லாருக்கும்” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பாதி ஆட்டத்துக்குள் மச்சானே ஒரு கோல் போட்டான். போட்டுவிட்டு என்னைப் பார்த்துத் துண்டால் வாயைத் துடைக்கிற மாதிரி காட்டினான். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

பாதி ஆட்டம் முடிந்து மறுபடி இறங்கும்போதுதான் எங்கள் மலையிலிருந்து தப்பு மேளச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், தேயிலைக்கு நடுவே ரதியும் மன்மதனும் இறங்கி வருகிறார்கள்! முகத்தில் சாயம், தலையில் கிரீடம், குட்டையன் உடம்பில் சிவப்புப் புடவை. பின்னால் தப்புக்காரர்கள், எங்கள் லயத்துச் சனம், முன்வரிசையில் என் மனைவி. எல்லாரும் ஓடைக் கரையில் வந்து நின்றார்கள். வாத்தியார் தண்ணீரோரம் கம்பை ஊன்றி, “இதுக்கு மேல ஒரு அடி வைக்கப்படாது” என்றார்.

அந்த மைதானத்தின் ஒரு பக்கக் கோட்டுக்கு அடுத்தது ஓடை, அதுதான் இரண்டு தோட்டத்துக்கும் எல்லை. மாசியில் கணுக்கால் தண்ணீர்தான். அந்தப் பக்கம் பந்தை உதைத்தால் ஓடையைத் தாண்டி எங்கள் கரையில்தான் விழும். எங்கள் ஆள் உதைத்த முதல் பந்து விழுந்தது. எறிய வேண்டியது அவர்கள் முறை. ரதி அம்மாள் பந்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு சுற்று ஆடினாள். தப்புக்கு ஏற்றபடி இன்னொரு சுற்று. மச்சான் தொண்டை கிழியக் கத்தினான்.

“பந்தக் குடுடா!”

“எல்லை தாண்டக் கூடாதுங்களே! நீங்க வந்து வாங்கிக்குங்க!”

ரெஃப்ரி தலவாக்கலை ஸ்டேஷனில் வேலை பார்த்த ஒரு சிங்களவர். “மொகத மே?”, என்ன இது என்று கேட்டபடி ஓடிவந்தவர், புடவை கட்டிய குட்டையனைப் பார்த்ததும் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். அவர்கள் ஆள் ஒருவன் தண்ணீரில் இறங்கிப் போய்ப் பந்தை வாங்கி வந்தான். இப்படியே நாலைந்து முறை. அவர்களுக்கு மூச்சு வாங்கியது, கோபம் வந்தது, ஆட்டம் குலைந்தது.

எங்கள் ஆட்டம் கூடியது. அன்றைக்குத்தான் ஒன்பது பேரும், புதிதாக வந்த இரண்டு பேரும், பக்கத்தில் நிற்கிறவனை நிமிர்ந்து பார்த்தோம். ஸ்டோரில் கொழுந்து உருட்டும் ரோலர் ஓட்டுகிறவனுக்கு இவ்வளவு வேகம் இருந்ததா? அவனிடம் யாராவது பந்து கொடுத்திருந்தால் அல்லவா தெரியும்! அவனே ஒரு கோல் திருப்பினான்.

வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. மச்சான் அடித்த பந்து மறுபடி ஓடையைத் தாண்டியது. இந்த முறை எறிய வேண்டியது நாங்கள். பந்து எங்கள் கரையில் தரையைத் தொடவே இல்லை. மன்மதன் கிரீடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஒரே உதை. ஓடைக்கு மேலாகப் பறந்து நேராக என் கைக்கு வந்தது. மச்சான் ஆட்கள் வழக்கம்போல ஓடைப் பக்கம் பார்த்துக்கொண்டு இடுப்பில் கை வைத்து நின்றார்கள். நான் கோட்டில் நின்று தலைக்கு மேலே தூக்கி எறிந்தேன். ரோலர்காரன் ஓடினான். வலை கட்டாத கோல் போஸ்டுக்குள் பந்து போய், பின்னால் இருந்த தேயிலைச் செடிக்குள் புகுந்துகொண்டது.

விசில் ஊதியதும் என்ன நடந்தது என்று எனக்கு முழுதாக நினைவில்லை. சந்தோஷத்தில் அழுதேன். என் மனைவி, அண்ணன் நிற்கிறான் அப்பா நிற்கிறார் என்றெல்லாம் பார்க்காமல், சேலை நனைய ஓடையில் இறங்கி ஓடிவந்தாள். கப்பை வாங்கின கையோடு எல்லாரும் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு போய் மன்மதன் கையில் கொடுத்தோம். அவர் ரதியிடம் கொடுத்தார். ரதி அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடினாள். வாத்தியார் கம்பைப் போட்டுவிட்டுக் கூட ஆடினார்.

மச்சான் தேயிலைச் செடிக்குள் பந்தைத் தேடிக்கொண்டிருந்தான். மாமனார்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடைக்குள் இறங்கி என்னிடம் வந்தார். துண்டை எடுத்து வாயைத் துடைத்தார். இந்தத் தடவை சிரிப்பை மறைக்கவில்லை.

“மாப்ள, அடுத்த வருசம் அந்த ரெண்டு பேரையும் உள்ள எறக்கி ஆட விட்டுருங்க. காப்புக் கட்டி வெளிய நிறுத்துனா எங்களுக்குக் கட்டுபடியாகாது.”