சகலை விமானத்தின் வால்

பார்ப்பவர்களுக்கு, சகலையின் பொம்மை விமானத்தை ஆசையாகத் தடவிக் கொடுப்பது போலத்தான் தோன்றும். உண்மையில் போட்டோ பிரேம் கடைக்காரர் அளந்துகொண்டிருப்பார். கட்டைவிரல் வால் இறகின் ஒரு முனையில் ஊன்றியிருக்க, சுண்டுவிரல் மெல்ல நகரும். இரண்டு சாண், நான்கு விரல். வாய் மட்டும், "பெயிண்ட் பிரமாதம் சகலை" என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

கடையில் படத்துக்குச் சட்டம் அடிக்கும்போது நூலிழை பிசகினாலும் பிரித்துப் போட்டுவிடுகிற மனிதர். சகலையின் பொருளுக்கு மட்டும் சாண்தான். டேப்பை எடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடுமே!

சகலை பல் டாக்டர், வீட்டுக்குச் சின்ன மாப்பிள்ளை. ஆனால் அவர் விமானம் கிளம்பினால்தான் மாமனார் நாற்காலியை வெளியே போடச் சொல்கிறார். இறக்கையிலிருந்து இரண்டு நீளக் குழல்கள் பின்னால் போகும். அவற்றின் கடைசியில் குறுக்கே வால் இறகு. முதல் நாளே இவர் கேட்டுவிட்டார்: "என்ன சகலை, ஏணியைப் பறக்க விடறீங்க?" மாமனாரே சிரித்தார். அந்த வீட்டில் இவர் சம்பாதித்த ஒரே சிரிப்பு அது.

அதுதான் வினையானது. அதே மாதிரி ஒன்றைத் தானும் செய்ய உட்கார்ந்தபோது, குழலை நீளமாக விட்டால், "இது மட்டும் என்ன, ஏணி இல்லையா?" என்று எவராவது கேட்பார்களே! குழலைப் பாதியாக நறுக்கினார். வாலை மட்டும் சகலையுடைய அளவிலேயே, விரல் பிசகாமல் வைத்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை, "பெரிய மாப்பிள்ளையும் விடட்டுமே, பாப்போம்" என்றார் மாமனார். விமானம் எழுந்தது. மூக்கைத் தூக்கியது, கவிழ்த்தது, இன்னும் அதிகமாகத் தூக்கியது; கடைசியில் புல்லில் குத்திக்கொண்டு நின்றது.

"என்னங்க, அதுக்கு விக்கலா?" என்றாள் மனைவி.

"காத்து சரியில்ல."

"அவர் விட்டப்பவும் இதே காத்துதானே?"

மாமனார் நாற்காலியைப் பல் டாக்டர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

பல் டாக்டர் சிரிக்கவில்லை. இவருக்குப் பொறுக்காததே அதுதான். அருகில் வந்து குனிந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னார்: "வால் என்னோட அளவுதான் சகலை. குழல்தான் குட்டை. இவ்வளவு கிட்ட உக்காந்துக்கிட்டு வால் எப்படி மூக்கை அடக்கும்? குழலை நீட்டுங்க, இல்லாட்டி வாலைப் பெருசாக்குங்க." பையிலிருந்து டேப்பை எடுத்து நீட்டினார். "இந்தாங்க, என்னுதை அளந்துக்குங்க. சாண் போட்டா விரல்தான் வலிக்கும்."

"எனக்கெதுக்கு? சும்மா பொழுதுபோக்குக்குத்தானே செஞ்சேன்!" டேப்பைத் திருப்பிக் கொடுத்தார் பிரேம் கடைக்காரர்.

மாமனார் கூப்பிட, சகலை அந்தப் பக்கம் நடந்தார். இவருடைய கட்டைவிரல், சகலை விட்டுப்போன ஏணி விமானத்தின் நீளக் குழலில் போய் ஊன்றியது. சுண்டுவிரல் மெல்ல நகர்ந்தது.