ஜமீலாவிடம் கொடுக்காத சாவி

செய்தி செல்பேசியில் வந்தது, ஆகையால் நம்பவில்லை. எங்கள் அடுக்குமாடிச் சொசைட்டியின் வாட்ஸப் குழுவில் தண்ணீர் லாரி வருகிறது என்று எழுதினால் வராது. லிஃப்ட் சரியாகிவிட்டது என்று எழுதினால் அன்று படியேற வேண்டியிருக்கும். அதே குழுவில்தான் செயலாளர், இரண்டாம் மாடி ஜமீலா பீவி காலமானார் என்று எழுதியிருந்தார். முந்தின நாள் மாலைதான் அவர் என்னிடம் சாவிக்காகச் சண்டை போட்டார். குரலில் ஒரு குறையும் இல்லை. ஒரு மாடி இறங்கிப் போய்ப் பார்த்தேன். கதவு திறந்திருந்தது, செருப்புகள் படிக்கட்டு வரை கிடந்தன. அதற்கு மேல் யாரிடமும் கேட்கவில்லை. பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்தோம்.

இந்தக் கட்டடத்தில் இருக்கும் உங்களில் பலர் வந்திருந்தீர்கள். இங்கே புனேயில், கோந்த்வாவில் கடை வைத்திருக்கும் நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். கட்டடத்து மராத்திக் குடும்பங்களும் வந்தன. நல்ல மனுஷி என்றீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. அவரை நான் நம்பியதில்லை. அதை அவர் முகத்துக்கு நேராகவே சொன்னவன். இறந்துவிட்டார் என்பதற்காக இப்போது மாற்றிச் சொன்னால் அவரே என்னைப் பொய்யன் என்பார்.

நாங்கள் முதலில் மோதிக்கொண்டது ஓர் ஓஸ் விஷயத்தில். குழாயிலிருந்து வாஷிங் மெஷினுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் ஓஸ். நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். சிஞ்ச்வட்டில் ஒரு தொழிற்சாலையின் ரப்பர் பிரிவில் பார்த்துப் பார்த்துத் தொழில் கற்றவன். ஓஸை வளைத்துப் பார்த்தால் அதற்கு எவ்வளவு ஆயுள் என்று எனக்குத் தெரியும். கடையில் எஃகு வலை போர்த்திய ஓஸ் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நட்டு பித்தளைதானா என்று சுரண்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற அம்மாள் ஊர்த் தமிழில் சொன்னார்:

"காக்கா, நகைக்கடைக்கு வந்தீங்களா? மினுக்குறதா எடுக்குறீங்க?"

எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம். ஆனாலும் தெரியாத ஒருவர் அப்படிக் கூப்பிட்டதும் எனக்குச் சந்தேகம் வந்தது.

"வெறும் ரப்பர்னா வெடிக்கிறதுக்கு முந்தி வீங்கும். கண்ணுல படும், மாத்திடலாம். இது உள்ள செத்துக் கெடந்தாலும் வெளிய பல்லக் காட்டும்."

"வலை போட்டிருக்கதே வீங்க விடாமப் பிடிக்கத்தான்," என்றேன்.

"பிடிக்கும், பிடிக்கும். ஒரு நா கைய விட்ரும். நீங்க மூணாவது மாடியில குடி வந்திருக்கிற காக்காதானே? நான் ஒங்களுக்கு நேர் கீழ இருக்கேன். விட்டா என் தலையிலதான் விழும்."

கடைக்காரன் சிரித்தான். பிறகு விசாரித்ததில் அவன் ஜமீலாவின் தங்கை மகன் என்று தெரிந்தது. அதோடு எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கட்டடத்தில் யார் மெஷின் வாங்கினாலும் ஜமீலா போய் ஓஸைப் பார்ப்பார். இது ஆகாது, மாற்று என்பார். எல்லோரும் அந்தக் கடைக்கே போவார்கள். ரப்பரோடு வாழ்ந்தவன் நான் மேல்மாடியில் இருக்கிறேன். ஓஸைப் பற்றி என்னிடம் ஒருவர்கூடக் கேட்டதில்லை. இதை நான் இன்றும் மறக்கவில்லை.

அவர் சொன்னதில் சரியானவையும் உண்டு. அதை மறைக்க மாட்டேன். மெஷினைச் சுவரோடு ஒட்டித் தள்ளக் கூடாது, ஓஸ் மடிந்துபோகும், ஒரு சாண் இடம் விட வேண்டும் என்பார். நட்டைக் கையால் இறுக்கி, ஸ்பானரால் கொஞ்சமே திருப்ப வேண்டும். பலத்தைக் காட்டினால் உள்ளே இருக்கும் வாஷர் நசுங்கும். லாரித் தண்ணீர் உப்பு. மெஷின் வாயில் இருக்கும் சிறு வலையை அடிக்கடி கழற்றிக் கழுவ வேண்டும். அழுக்குத் தண்ணீர் போகும் ஓஸைச் சாக்கடைக் குழாயில் ஆழமாகச் சொருகக் கூடாது. துவைத்து முடிந்ததும் குழாயை மூட வேண்டும். "மெஷின் நின்னாலும் தண்ணி நிக்காது, அது வாசல்லயே காத்துக்கிட்டு இருக்கும்," என்பது அவர் அடிக்கடி சொன்னது. இதையெல்லாம் நானும் அறிவேன். நான் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்களா என்பதுதான் கேள்வி.

ஆனால் சாவி விஷயத்தில் நான் இடம் கொடுக்கவில்லை. தீபாவளிக்கோ பெருநாளுக்கோ ஊருக்குப் போகிற வீடுகள் எல்லாம் அவரிடம் சாவி கொடுத்துவிட்டுப் போகும். அவர் போய்க் குழாய் மூடியிருக்கிறதா என்று பார்ப்பார். ஓஸ் சேரும் இடத்துக்குக் கீழே உலர்ந்த செய்தித்தாள் ஒன்றை விரித்து வருவார். மறுபடி போகும்போது தாள் சுருங்கியிருந்தால் கசிவு. நல்ல யோசனைதான். ஆனால் ஒரு மனுஷிக்கு இத்தனை பேர் வீட்டுச் சாவி எதற்கு? எதிர் வீட்டைத் திறந்துகொண்டு அவர் உள்ளே போனபோது நான் வாசலில் நின்று பார்த்தேன். வெளியே வந்தவர், "பாத்தாச்சா காக்கா? மடியக் காட்டவா?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார்.

ஒரு மழைக்காலத்தில் மகளைப் பார்க்கச் சென்னைக்குப் போய்விட்டுத் திரும்பினேன். ரயிலில் வந்த உடம்பு. குளிக்கக் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்தேன். என் வீட்டுக்கு வரும் வால்வை யாரோ மூடியிருந்தார்கள். அந்த வாரம் சொசைட்டிக் கூட்டம். எழுந்து நின்று, என் தண்ணீரை மூடியது யார் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன்: "மேரா பானி கிஸ்னே பந்த் கியா?"

ஜமீலா கையைத் தூக்கினார். "நாந்தான்."

"யாரக் கேட்டு?"

"சாவி கேட்டேன், தரல. வால்வுக்குச் சாவி இல்ல, மூடிட்டேன்."

"அது என் வீட்டுத் தண்ணி!"

"ஆமா காக்கா. ஒங்க வீட்டுக்குள்ள நான் வரல. என் வீட்டுக்குள்ள ஒங்க தண்ணி வரல. சரியாப் போச்சுல்ல?"

யாரோ இதை மராத்தியில் சொல்ல, கூட்டமே சிரித்தது. செயலாளரும் சிரித்தார். "காகா, பஸா," என்றார், உட்காருங்கள் என்று. நான் உட்காரவில்லை, வெளியேறினேன்.

வீட்டில் என் மெஷினுக்குக் கீழேயும் நான் ஒரு செய்தித்தாள் விரித்துவிட்டுத்தான் போயிருந்தேன். அது சுருங்கியிருந்தது. புனேயில் மழைக்காலத்தில் எந்தத் தாள் சுருங்காது? வாஷரை மாற்றினேன், அது பழசு. ஓஸை மாற்றவில்லை. எஃகு வலைதான் சிறந்தது.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவர் மகன் என் வீட்டுக்கு வந்தான். ஹைதராபாத்தில் வேலை பார்ப்பவன். கையில் ஒரு துணிப்பை. உள்ளே கட்டடத்துச் சாவிகள். ஒவ்வொரு சாவியும் ஒரு கறுப்பு வளையத்தில் கோத்திருந்தது. பழைய ஓஸைத் துண்டு துண்டாக அறுத்து, வெள்ளை மையால் வீட்டு எண் எழுதிய வளையம்.

"மாமா, இத ஒங்ககிட்ட குடுக்கணும்னு உம்மா சொல்லிருக்காங்க."

"என்கிட்டயா? செக்ரட்டரி இருக்காரே."

"அவர் எல்லாரையும் நம்புறவர், வேண்டாம்னாங்க. குழாய மூடிட்டேன்னு ஒருத்தர் சொன்னா நானே சில சமயம் நம்பிடுறேன், அந்தக் காக்கா நம்ப மாட்டாரு, போய்ப் பாப்பாருன்னாங்க."

"எப்பச் சொன்னாங்க?"

"போன பெருநாளைக்கு."

"யார் முன்னால சொன்னாங்க?"

பையன் பையை நீட்டினான். அவனுக்கு வீட்டைக் காலி செய்யும் அவசரம். யார் தலையிலாவது பையைக் கட்டிவிட்டுப் போகப் பார்க்கிறான் என்றே எனக்குத் தோன்றியது. பையை வாங்கினேன். அவன் போனபின் ஒவ்வொன்றாக எடுத்து எண்ணைப் பார்த்தேன். 202 இருந்தது, அது ஜமீலாவின் சொந்த வீட்டுச் சாவி. பையின் அடியில் இன்னொரு வளையம். சாவி இல்லை. வளையத்தில் 302 என்று எழுதியிருந்தது. என் வீடு. எழுத்தின் மை தேய்ந்திருந்தது. எப்போதோ அறுத்து வைத்தது. நகத்தால் அழுத்திப் பார்த்தேன். வெறும் ரப்பர். இன்னும் இறுகிப் போகவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த வளையம்தான். மற்றவை உங்கள் சாவிகள். ஊருக்குப் போனால் சொல்லிவிட்டுப் போங்கள், மூடினோம் என்று சொல்லாதீர்கள், நானே பார்த்துக்கொள்கிறேன்.

அடுத்த மாதம் நான் மகள் வீட்டுக்குப் போக வேண்டும். கடைசிச் சண்டையும் அதற்குத்தான். சாவி தர மாட்டேன், குழாயை நானே மூடுவேன் என்றேன். "மூடுவீங்க. மூடினீங்களான்னு யாரு பாக்குறது?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார் ஜமீலா. மூடிவிட்டுத்தான் போவேன். மூடினேனா என்று சந்தேகப்பட இந்தக் கட்டடத்தில் இனி ஒருவரும் இல்லை.