குடத்தில் வந்த விரால்

ஸ்காட்லாந்தில் மீன் கணக்கெடுக்கப் போகிற எங்களிடம் வலை கிடையாது. ஆற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வடிகட்டி, வடிதாளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவோம். மீன் உடம்பிலிருந்து உதிர்ந்த கோழையும் கழிவும் தண்ணீரில் விட்ட டிஎன்ஏவை வைத்து, எந்தெந்த மீன் இருக்கிறது என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள். மீனைக் கண்ணால் பார்க்காமல் சம்பளம் வாங்குவது முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது.

திருச்சுழியில் எங்கள் குண்டாறு மழை பெய்தால்தான் ஓடும் என்று ஒருநாள் உடன் வேலை செய்யும் ஃபியோனாவிடம் சொன்னேன். எந்தத் தொழிற்சாலை தண்ணீரை எடுத்துக்கொண்டது என்று கேட்டாள். எப்போதுமே அப்படித்தான் என்றதும், துக்க வீட்டில் தட்டுவது போலத் தோளைத் தட்டினாள். மணல் கிடந்தாலும் எங்களுக்கு அது ஆறுதான் என்பதை அவளுக்கு விளக்க எனக்குத் தெரியவில்லை.

போன மழைக்காலத்தில் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, பந்தல்குடிப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாய் நிறைந்திருந்தது. வாங்கி விட்ட வளர்ப்புக் கெளுத்தி பெருகி, நாட்டு விரால் அற்றுப்போய்விட்டது என்றார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. சோதித்துப் பார்த்துவிடுகிறேன் என்று அக்கா வீட்டுக்காரர் முனியசாமி மச்சானிடம் சொல்லி வைத்தேன். இரண்டு நாள் கழித்து முழங்கால் தண்ணீரில் இறங்கிப் பாட்டிலை நிரப்பினேன். கரையில் நின்ற மச்சான் என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். வடிதாளை மதுரையில் ஒரு ஆய்வுக்கூடத்தில் கொடுத்துவிட்டு விமானம் ஏறினேன்.

முடிவு வந்தபோது நான் இங்கே ஸ்காட்லாந்தில் ஆற்றங்கரையில் நின்றிருந்தேன். விரால் இருக்கிறது. சந்தோஷத்தில் அழுதேவிட்டேன். உடனே மச்சானுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"மாப்ள, வையாதீக. நீங்க தண்ணி புடிக்கிறதுக்கு மொத நாளு அருப்புக்கோட்டைல ரெண்டு உசுரு விரால் வாங்கிக் கொடத்துல கொண்டாந்து விட்டேன். நம்ம கம்மாயில ஒண்ணுமில்லன்னு வெளிநாட்டுல எழுதிறக் கூடாதுல்ல."

கோபம் வந்தது. விருந்தாளி வந்தால் பக்கத்து வீட்டு நாற்காலியை இரவல் வாங்கிப் போடுகிற ஊர், கண்மாய்க்கு மீன் இரவல் வாங்கியிருக்கிறது. சோதனை பொய் சொல்லவில்லை. ஆனால் எங்கள் விரால் இருக்கிறதா என்பது இன்னும் எனக்குத் தெரியாது. அடுத்த விடுமுறைக்குள் தண்ணீர் வற்றிவிடும்.

அந்த இரண்டு விராலாவது கண்மாயில் இருக்கிறதா என்று கேட்டேன்.

"கெடக்கும் மாப்ள. விட்டாச்சுன்னா அதுவும் நம்ம கம்மா மீனுதான."

போனை வைத்த பிறகும் வேலை ஓடவில்லை. அன்று அந்தத் தண்ணீரில் என் உடம்பிலிருந்தும் ஏதாவது உதிர்ந்திருக்கும். மனிதரையும் தேடச் சொல்லியிருந்தால், அந்தக் கண்மாயில் நானும் இருப்பதாகவே முடிவு வந்திருக்கும்.