ஐந்து அட்டைக்கும் ஒரே கை

எங்கள் சந்தில் அவளை வரிசையக்கா என்றுதான் கூப்பிடுவோம். புருஷன் போய்ப் பத்து வருடம் ஆகிறது. ஒரே மகன் எங்கேயோ லாரி ஓட்டுகிறான். தைத்த சட்டைகளில் நூல் பிசிறு வெட்டுவது அவள் தொழில். மூட்டை வீட்டுக்கே வந்துவிடும்.

நாங்களெல்லாம் தையல் ஆலையில் வேலை செய்கிறவர்கள். சுகாதார நிலையம் காலை எட்டுக்குத் திறந்து பன்னிரண்டுக்கு மூடும். எங்கள் ஆலைக் கதவும் அதே எட்டுக்குத்தான் சாத்தப்படும். இந்த நேரத்தை எந்தப் புண்ணியவான் வகுத்தானோ, அவனுக்கு வாழ்நாளில் ஒரு காய்ச்சல்கூட வந்திருக்காது. ஒரு நாள் லீவு போட்டாலும் அந்த மாத வருகைப்படி போச்சு. அதனால் சர்க்கரை வியாதிக்காரர்களான எங்கள் ஐந்து பேரின் மாத்திரை வாங்கும் அட்டைகளையும் எடுத்துக்கொண்டு அவளே போய் வரிசையில் நிற்பாள். அவளுக்கென்று அட்டை கிடையாது.

"எனக்கென்னடி, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்பாள். கால் ஏன் வீங்கியிருக்கிறது என்று கேட்டால், "நாள் முழுக்க உக்காந்தே இருக்கேன்ல, அதான்." முதுகுவலிக்குக் கடையில் மாத்திரை வாங்கித் தினம் இரண்டு போட்டுக்கொள்வாள்.

போன வருடம் ஒரு புது விதி வந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் கொடுத்தால்தான் மாத்திரை. நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். வரிசையக்கா எப்போதும் போல மாத்திரையோடு வந்தாள். எப்படி என்று யாரும் கேட்கவில்லை. கிடைத்தவரை போதும் என்றிருந்தோம். என் சீட்டில் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்று எழுதி, மாத்திரையைப் பாதியாகக் குறைத்திருந்தார்கள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. குதிகாலில் ஒரு புண் மட்டும் ஆறாமல் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டரம்மாவே சந்துக்குள் வந்தார். கூட ஒரு நர்ஸ், தண்ணீர் பிடித்துப் போக நாலு பாட்டில். எங்கள் ஐந்து பேரையும் குழாயடிக்குக் கூப்பிட்டார்.

"ஒரே சந்துல அஞ்சு பேருக்கு கிட்னி பாதிக்கு மேல கெட்டுப்போயிருக்கு. நீங்க எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?"

பக்கத்து வீட்டுக்காரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என் மகளுக்கு ஒன்பது வயது. அவளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதைத் தவிர மனதில் எதுவும் ஓடவில்லை.

சத்தம் கேட்டு வரிசையக்கா கத்தரிக்கோலோடு வெளியே வந்தாள். டாக்டரம்மா கையிலிருந்த சீட்டுகளை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இது இவங்க ரத்தம் இல்லம்மா. அஞ்சும் என்னோடது. ஆள் வந்து ரத்தம் குடுத்தாத்தான் மாத்திரைன்னாங்க. ஒரு நாளைக்கு ஒரு அட்டை. இன்னிக்கு இந்தக் கைன்னா நாளைக்கு அந்தக் கை. ரத்தம் எடுக்கிறவர் கையத்தான் பாப்பார், மூஞ்சியப் பாக்க மாட்டார்."

டாக்டரம்மா குனிந்து அவள் வீங்கிய காலைப் பார்த்தார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் மனதில் முதலில் வந்தது 'அப்பாடா'தான். நான் இல்லை, நான் இல்லை. மற்ற நாலு பேரும் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அது அவளுக்கும் கேட்டிருக்கும். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அடுத்த இடி அப்புறம்தான் விழுந்தது. என் மாத்திரையைக் குறைத்தது அவள் ரத்தத்தைப் பார்த்து. நர்ஸ் அங்கேயே என் விரலில் குத்திப் பார்த்தார். சர்க்கரை நானூற்றுப் பத்து.

"அப்போ உனக்கு நான் விஷமாடி வாங்கிக் குடுத்தேன்?" என்று வரிசையக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். தன் சிறுநீரகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் ஆலையில் ஐந்து மெஷின்கள் சும்மா கிடந்தன. நாங்கள் ஆறு பேரும் வரிசையில் நின்றோம். அவளிடம் அவளுடைய புது அட்டை இருந்தது. முறை வந்ததும் பழக்கதோஷத்தில் கையை மேசைமேல் நீட்டினாள். ரத்தம் எடுப்பவர் ஊசியைப் பிரித்தார். கத்தரிக்கோல் பிடித்துக் காய்த்துப்போன அந்தப் பெருவிரலைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"இந்தக் கைய எனக்குத் தெரியுமே" என்று சொல்லிவிட்டு, முதல் முறையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.