ஆறு மணங்கு உண்ணாமலை

முதலில் வலித்தது முழங்கால். இடது முழங்கால், உள்பக்கம். ஆடி மாதத்தில் ஒருநாள் பள்ளிக்கூடத்துப் படியேறும்போது சுருக்கென்று பிடித்தது, பிறகு விட்டுவிட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை. குண்டுப் பிள்ளை கால் வலிக்கிறது என்று சொன்னால் யாரும் எங்கே வலிக்கிறது என்று கேட்பதில்லை. சிரிப்பார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சிரித்து முடித்த பிறகாவது ஒரு வார்த்தை கேளுங்கள்.

எனக்கு அப்போது பதினொரு வயது. ஐம்பதுகள் முடிகிற சமயம். அப்பாவுக்குத் திருவண்ணாமலையில் வெல்ல மண்டி. முன்பக்கம் மண்டி, பின்பக்கம் வீடு. எனக்கு அம்மன் பெயர், உண்ணாமலை. எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு உண்ணாமலை இருப்பார்கள். ஆனால், "பேருதான் உண்ணாமலை, உண்டது மலை" என்று வகுப்பில் பாட்டுக் கட்டியது எனக்கு மட்டும்தான். கண்டுபிடித்த மகராசி எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

நான் ஏன் அப்படிப் பருத்தேன் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் சொல்வார்கள். தின்றாள், பருத்தாள் என்பது சுலபமான பதில். என் தம்பியும் அதே மண்டியில் அதே வெல்லக்கட்டியை உடைத்துத் தின்றவன்தான். அவன் கடைசிவரை முருங்கைக்காய். நானோ அப்பா வழி. அப்பா, அத்தைகள், பெரியப்பா எல்லோருக்கும் ஒரே வார்ப்பு. கல்யாண வீட்டில் அவர்களுக்கென்று தனி பெஞ்சு போடுவார்கள்.

அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்கு முன்னால் ஓர் அண்ணன் பிறந்து, வயிற்றுப்போக்கில் எலும்பும் தோலுமாகி, இரண்டு வயதுக்குள் போய்விட்டான். அதன்பிறகு அம்மாவின் கண்ணுக்கு ஒல்லி என்பது சாவு. என் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்து, கைக்குச் சதை வந்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். பக்கத்து வீட்டில் யாராவது "பொண்ணு நல்லா பூசினாப்பல இருக்கா" என்று சொல்லிவிட்டால் சாயங்காலமே மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போடுவாள். கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாது.

நான் வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளை. கரும்புத் தொட்டிலில் போட்டு மாடவீதி சுற்றிவந்த பிள்ளை. அதோடு விட்டிருக்கலாம். நான் வயசுக்கு வருகிறவரை ஒவ்வொரு கார்த்திகையிலும் எடைக்கு எடை வெல்லம் கொடுப்பதாக அம்மா துலாபாரம் நேர்ந்துகொண்டாள். சொந்த மண்டி, சொந்த வெல்லம். அப்பாவும் சரி என்றார்.

துலாபாரம் பார்த்திருப்பீர்கள். ஒரு தட்டில் பிள்ளை, எதிர்த் தட்டில் காணிக்கை. ஊரே சுற்றி நிற்கும். மற்றப் பிள்ளைகளின் எடை அவர்கள் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. என் எடை வருஷா வருஷம் ஊரறிய உரக்கச் சொல்லப்பட்டது. மறுநாள் வகுப்பில் என் பெயர் மாறிவிடும். நாலு மணங்கு உண்ணாமலை, அடுத்த வருஷம் அஞ்சு மணங்கு (ஒரு மணங்கு என்பது பதினொரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே). அந்த வெல்லமோ மடப்பள்ளிக்குப் போய்ச் சர்க்கரைப் பொங்கலாகி, தூக்குத் தூக்காக எங்கள் வீட்டுக்கே திரும்பி வரும். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லலாமா? என் எடையை நானே தின்றேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எட்டு வயதிலேயே நான் பன்னிரண்டு வயதுப் பெண் போலத் தெரிந்தேன். "வளந்த பொண்ணு தெருவுல குதிச்சா நாலு பேரு இன்னா பேசுவாங்க?" என்று அம்மா பாண்டி ஆட்டத்தை நிறுத்தினாள். கூப்பிடு தூரத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஒற்றை மாட்டு வண்டி வைத்தார்கள். ஓடக்கூடாது என்று உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தே இருக்கிறாள், சோம்பேறி என்று பிறகு அவர்களே திட்டினார்கள். இந்த நியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

ஆவணியில் நான் நொண்ட ஆரம்பித்தேன். இடது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்தார்கள். எலும்பு கட்டுகிறவர் வந்து முழங்காலுக்குப் பச்சிலைப் பத்துப் போட்டார். முழங்கால் நன்றாக வழுவழுவென்று ஆனது. வலி அப்படியே இருந்தது.

அப்பாதான் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார், அம்மாவும் கூட வந்தாள். தேரடிப் பக்கம் வைத்தியம் பார்த்த பெரியவர். அவர் முழங்காலைத் தொட்டுவிட்டு, என்னைப் படுக்க வைத்துத் தொடையை மடக்கிப் பார்த்தார். நான் கத்திவிட்டேன்.

"வலி மொழங்கால்ல தெரியுது. ஆனா கோளாறு இடுப்புலன்னு தோணுது. வேலூருக்குக் கூட்டினு போயி எக்ஸ்ரே எடுத்துடுங்க. அதுவரிக்கும் இவ கால் ஊணவே கூடாது" என்றார். அம்மாவைப் பார்த்து, "கொழந்தைக்கு வெயிட்டு ஜாஸ்திம்மா. அந்தக் கால் தாங்கல. வெல்லம், பொங்கல், பலகாரம் எல்லாத்தையும் கம்மி பண்ணுங்க" என்றார்.

அம்மாவின் முகம் கறுத்துவிட்டது. வெளியே வந்ததும் மூன்று முறை துப்பினாள்.

"டாக்டராம் டாக்டரு! கொழந்தையப் பாத்து ஜாஸ்தின்னு வாய்விட்டுச் சொல்றான். கொள்ளிக்கண்ணு."

"எக்ஸ்ரே எடுக்கச் சொல்றாரே?" என்றார் அப்பா.

"எடுக்கலாம். கார்த்திகை முடியட்டும். இப்ப ஆஸ்பத்திரில போட்டுக் கஞ்சி ஊத்தினானுங்கன்னா பாதியா எளைச்சிடுவா. போன வருஷத்தவிடக் கொறைச்சலா நிறுத்தா சாமிக்குக் கொறை வெச்ச மாதிரி ஆவாது? மொத புள்ளைக்கு நடந்தது போதாதா?"

அப்பா வண்டியை வீட்டுக்கே திருப்பச் சொன்னார். தராசு பிடித்துப் பிழைக்கிறவருக்கு எடை குறைவது என்றால் என்ன என்று தெரியும். குறைத்து நிறுப்பவன் திருடன். என் அம்மா சாமியிடம் திருட மாட்டாள். எங்கள் வீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள், அதுதான் வயிற்றெரிச்சல். அன்றைக்கே வேலூர் போயிருந்தால் ஒரு சின்ன சிகிச்சையோடு முடிந்திருக்கும் என்று பின்னால் தெரிந்தது.

கார்த்திகை வரும்வரை என் உடம்பைத் தேற்றினார்கள். மண்டியிலிருந்து கட்டி வெல்லம், கீழ்பென்னாத்தூர் வியாபாரி கொண்டுவரும் பச்சை வேர்க்கடலை, ராத்திரிக்குப் பாலில் ஊறிய அவல். நானும் தின்றேன். கால் வலிக்கிற பிள்ளைக்கு வாய்க்கு இனிப்பைத் தவிர வேறு என்ன இருக்கிறது? நடக்கமுடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு போவேன். அம்மா எதிரே நின்று, "மெதுவா வாம்மா, கண்ணு கழிஞ்சா செரியாப் பூடும்" என்பாள்.

துலாபாரத்தன்று பட்டுப்பாவாடை கட்டி, நாலு பேர் கைகொடுத்துத் தட்டில் உட்கார வைத்தார்கள். எதிர்த் தட்டில் மண்டி ஆட்கள் வெல்லத்தை ஏற்றினார்கள். முள் நடுவே நின்றது. "ஆறு மணங்கு!" என்று ஒருவர் கத்த, கூட்டம் அரோகரா போட்டது. அம்மா அழுதாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

பிறகு இறங்கினேன். இடது காலைத் தரையில் வைத்தேன். இடுப்புக்குள் ஏதோ பிசகியது. வலி வருவதற்கு முன்னால் நான் கீழே கிடந்தேன். கல்தரை சில்லென்று இருந்தது. "கண்ணு பட்டுடுச்சு, கண்ணு பட்டுடுச்சு" என்று பெண்கள் சொல்வது கேட்டது. காலை அசைக்க முடியவில்லை. அது என்னுடையது போலவே இல்லை.

மண்டிக்கு வருகிற லாரியில் மெத்தை போட்டு, போளூர் வழியாக வேலூருக்குக் கொண்டுபோனார்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் கத்தினேன். ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தது ஓர் அம்மையார். எலும்பு டாக்டர். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்பாவைக் கேட்டார்.

"எத்தினி நாளா நொண்டறா?"

"ஆடி, ஆவணிலேந்துங்க."

"அப்ப யாரும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லலியா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மாதான், "கண்ணு பட்டுடுச்சுங்க" என்றாள்.

"கண்ணு பட்டா இப்படி எலும்பு நவுராதும்மா" என்றார் டாக்டர். அவர் சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம்.

எனக்கு வந்தது தொடை எலும்புத் தலைச் சரிவு (தொடை எலும்பின் உருண்டைத் தலை, வளர்தட்டில் இருந்து நழுவிவிடுவது). வளர்தட்டு என்பது வளரும் பிள்ளைகளின் எலும்பு முனையில் இருக்கும் குருத்துப் பகுதி. கால் நீளுவது அதனால்தான். வளர்ச்சி வேகமாக இருக்கும் வயதில் அது மென்மையாக இருக்கும், அதன்மேல் பாரம் கூடினால் தலை கொஞ்சம் கொஞ்சமாக நகரும். பானைமேல் வைத்த மூடி நகர்கிற மாதிரி என்றார் டாக்டர். இடுப்புக்கும் முழங்காலுக்கும் நரம்பு ஒன்றாகையால் வலி முழங்காலில் தெரியுமாம். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதையாக நாங்கள் முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தோம். படிக்கிறவர்கள் இதை மட்டுமாவது மனதில் வையுங்கள்: பருமனான பிள்ளை முழங்கால் வலி என்று நொண்டினால் இடுப்பைப் பாருங்கள்.

காலை நீட்டிப் பிடிக்க, கட்டிலின் கால்மாட்டில் கப்பி வைத்து, கயிற்றில் இரும்பு எடைகளைத் தொங்கவிட்டார்கள் (எலும்பைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர இழுவை). மண்டியில் இருக்கிற அதே மாதிரி எடைக்கற்கள். அப்பா அவற்றைப் பார்த்ததும் வெளியே போய்விட்டார். பிறகு எலும்புக்குள் ஆணி வைத்தார்கள். அதன்பிறகு இடுப்பிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு. அதற்குள் அரிக்கும். சொறிய முடியாது. கட்டுக்குள் எறும்பு புகுந்த ஒரு மத்தியானம் நான் பேசாத கெட்ட வார்த்தை இல்லை.

ஒருநாள் டாக்டர் என் கழுத்தைத் தடவிப் பார்த்தார் (தைராய்டு சுரப்பி வீங்கியிருக்கிறதா என்று). இல்லை. அப்பா, அத்தைகள் உடம்பைப் பற்றி விசாரித்தார். கடைசியில் என்னிடமே நேராகப் பேசினார்.

"செல பேரு ஒடம்பு அப்படிம்மா. வந்ததையெல்லாம் சேத்து வெச்சுக்கும். உன் தம்பி ஒடம்பு செலவழிச்சுடுது. ரெண்டும் நீங்க கேட்டு வாங்கினது இல்ல. உனக்குப் போட்டதைத்தான் நீ சாப்ட்டே, உக்காரச் சொன்ன எடத்துலதான் உக்காந்தே. இது உன் தப்பு இல்ல. ஆனா கால் உன்னுது. இனிமே நீதான் பாத்துக்கணும்."

அன்றைக்கு அழுதேன் பாருங்கள், ஆணி வைத்தபோதுகூட அப்படி அழவில்லை. பதினொரு வருஷத்தில் அந்த வார்த்தையை யாரும் எனக்குச் சொன்னதில்லை. வெளியூர் மனுஷி சொல்லவேண்டியிருந்தது.

அளந்து போட்ட ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் இளைத்தேன். மாவுக்கட்டைப் பிரித்தபோது உள்ளேயிருந்த கால் சூம்பிப்போய் வெளிறியிருந்தது. கக்கத்தில் கட்டை ஊன்றி ஊருக்குத் திரும்பினேன். உறவுக்காரர்கள் துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்தார்கள். "ஐயோ, எப்படி இருந்த பொண்ணு, இப்படி எளைச்சுப் போயிட்டாளே!" என் காலைப் பார்த்து ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை.

அடுத்த ஐப்பசியில் அம்மா ஒரு கிண்ணம் நிறையச் சர்க்கரைப் பொங்கலோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேலே நெய் மிதந்தது.

"சாப்டும்மா. கார்த்திகைக்கு இன்னும் நாளிருக்குது. போன வருஷத்துக்குக் கொறையாம தேத்திப்புடலாம்."

"நான் தட்டுல ஏற மாட்டேன்."

"அப்படிச் சொல்லாத. சாமிக்குக் கொறை வெக்கலாமா?"

"கொறை என் கால்ல இருக்குதும்மா. வேணும்னா சாமி அத வாங்கிக்கட்டும்."

அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கினாள். அடிக்கவில்லை. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த வருஷம் அப்பா ஆறு மணங்கு வெல்லத்தை ஆளில்லாமல் கோயிலுக்கு அனுப்பினார். நான் கொஞ்சமாகச் சாப்பிட்டேன், வேங்கிக்கால் ஊர்ப்பக்கம் காலையில் கட்டை ஊன்றி நடந்தேன். ஊர் பேசியது. பேசட்டும் என்று விட்டேன். ஒல்லியாகவில்லை. அப்பா வீட்டு உடம்பு, அது இன்றைக்கும் பெரிதுதான். அதோடு சண்டை போடுவதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது.

ஆணி வைத்த கால் வளராமல் நின்றுவிடலாம் என்று டாக்டர் எச்சரித்திருந்தார், அப்படியே நடந்தது. ஆணி வைத்த இடத்தில் இடது காலின் வளர்தட்டு சீக்கிரமே மூடிக்கொண்டது. வலது கால் பதினைந்து வயதுவரை வளர்ந்தது. இப்போது எனக்கு எழுபது தாண்டியாயிற்று. இடது செருப்புக்குக் கனமான அடி வைத்துத்தான் நடக்கிறேன். காலையில் கட்டிலைவிட்டு வெறுங்காலோடு இறங்கும்போது வலது கால் முதலில் தரைக்கு வரும். இடது கால் எட்டாமல் கொஞ்சநேரம் தொங்கும். வலது கால் என்னோடு சேர்ந்து கிழவியாகிவிட்டது. இடது காலுக்கு மட்டும் இன்னும் பதினொரு வயது, தட்டிலிருந்து இறக்கிவிடுங்கள் என்று யாரையோ கேட்டுக்கொண்டிருக்கிறது.